விளக்கும் அடுப்பும் கூரையும்: கேரள இல்லங்களின் எரிசக்தி

மாலை மணி ஆறரை. திருவனந்தபுரத்தின் நடுத்தரக் குடும்பமொன்றின் வீட்டு முகப்பில் நிலவிளக்கு ஏற்றப்படுகிறது. அதே வேளையில் வீட்டின் மின்விளக்குகள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன. மின்விசிறிகள் சுழலத் தொடங்குகின்றன. கிணற்று நீரை மேல்தொட்டிக்கு ஏற்றும் மோட்டார் ஓடுகிறது. கூடத்தில் தொலைக்காட்சி, சமையலறையில் இண்டக்‌ஷன் அடுப்பு, படிப்பவர் அறையில் கணினி. கோடைக்காலமாயின் குளிர்சாதனமும் சேர்ந்துகொள்கிறது. ஒரு வீட்டின் கணக்கில் இவை சிறு தேவைகளே. ஆனால் மாநிலமெங்கும் ஏறத்தாழ ஒரு கோடி இல்லங்களில் இதே காட்சி ஒரே நேரத்தில் நிகழும்போது, அந்தச் சில மணி நேரமே கேரளத்தின் எரிசக்தித் துறைக்குப் பெருஞ்சோதனையாகி விடுகிறது.

பெரிய மாநிலங்கள் பலவற்றில் மின்சாரத்தை மிகுதியாக உட்கொள்பவை ஆலைகளும் வயல்களின் பம்புசெட்டுகளுமே. கேரளத்தின் நிலை வேறு. இங்கு விற்பனையாகும் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதி வீடுகளுக்கே செல்கிறது. ஆகவே கேரளத்தின் எரிசக்திப் பிரச்சினை முதன்மையாக இல்லங்களின் பிரச்சினையாகும். விளக்குக்கு ஒளி எங்கிருந்து வருகிறது, அடுப்புக்கு எரிபொருள் எங்கிருந்து வருகிறது, கூரையின் மீது விழும் வெயில் என்னவாகிறது என்ற மூன்று கேள்விகளையும் ஒன்றாக வைத்து நோக்கினால்தான் இப்பிரச்சினையின் முழு வடிவம் புலப்படும்.

நீர் தந்த ஒளி

திருவனந்தபுரம் நகருக்கு மின்விளக்கு வந்தது 1929-ஆம் ஆண்டில். திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தலைநகருக்கென எரிபொருளால் இயங்கும் மின்நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. தம்பானூரை அடுத்து இன்றும் ‘பவர் ஹவுஸ் சாலை’ என்று வழங்கும் பெயர் அந்நாளை நினைவூட்டுகிறது. அதற்கு முன்னரே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மூணாறுப் பகுதியின் தேயிலைத் தொழிற்சாலைகளுக்காக மலையருவியிலிருந்து சிறிய அளவில் மின்சாரம் எடுக்கப்பட்டிருந்தது. மலையில் விழும் நீரே இந்நிலத்தின் பெருஞ்செல்வம் என்பதை அந்தச் சிறு முயற்சி காட்டியது.

முதிரைப்புழை ஆற்றின் நீரைக் கொண்டு பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. ஆலுவாயில் எழுந்த அலுமினியம், உரத் தொழிற்சாலைகளுக்கு அம்மின்சாரமே உயிர்நாடியாயிற்று. 1957-ஆம் ஆண்டு மார்ச் 31-ஆம் நாள் கேரள மாநில மின்வாரியம் செயற்படத் தொடங்கியது. செங்குளம், நேரியமங்கலம், பன்னியாறு, சோலையாறு, சபரிகிரி, குற்றியாடி என்று நீர்மின் திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறின. இவ்வரிசைக்கு மகுடமாக, குறவன், குறத்தி எனும் இரு மலைகளுக்கிடையே வளைவு வடிவில் எழுப்பப்பட்ட அணையோடு கூடிய இடுக்கித் திட்டம் 1976-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. மூலமற்றத்தில் மலையைக் குடைந்து நிலத்தடியில் அமைந்த மின்நிலையத்தின் முழுத்திறன் 780 மெகாவாட்.

நிலக்கரி இல்லாத மாநிலத்துக்கு நீர் ஒரு வரப்பிரசாதமே. ஆனால் நீரை மட்டுமே நம்பிய அமைப்பு மழையை மட்டுமே நம்பிய அமைப்பாகும். 1983-ஆம் ஆண்டின் வறட்சியிலும், 1987-இல் மீண்டும் வந்த வறட்சியிலும் நீர்த்தேக்கங்கள் வற்றியபோது மின்வெட்டு வீடுகளின் அன்றாட நிகழ்ச்சியாயிற்று. தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் மண்ணெண்ணெய் விளக்கையும் மெழுகுவர்த்தியையும் மீண்டும் நாடினர்.

அணைகளுக்கு ஓர் எல்லை

மேலும் அணைகள் கட்டுவதே இதற்குப் பரிகாரம் என்று அந்நாளில் பலர் கருதினர். பாலக்காடு மாவட்டத்தில் குந்திப்புழை ஆற்றின் குறுக்கே அமைதிப் பள்ளத்தாக்கில் 120 மெகாவாட் திறனுடைய நீர்மின் நிலையம் அமைக்க மின்வாரியம் திட்டமிட்டிருந்தது. அங்கு மூழ்கவிருந்த மழைக்காடு சிங்கவால் குரங்கு முதலிய அரிய உயிர்களின் புகலிடம். கவிஞர்களும் அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் எதிர்ப்புக் குரல் எழுப்பினர். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் திட்டத்தின் பொருளாதாரத்தையே ஆராய்ந்து, மாற்று வழிகள் உண்டென வாதிட்டது. 1983-இல் திட்டம் கைவிடப்பட்டது. 1985-இல் அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

இம்முடிவின் பொருளை இன்று அமைதியாக எண்ணிப் பார்க்கலாம். காட்டைக் காப்பது என்று ஒரு சமூகம் முடிவு செய்யும்போது, மின்சாரத்தை வேறெங்கிருந்தேனும் பெறுவது அல்லது தேவையைக் குறைப்பது என்ற பொறுப்பையும் அது உடன் ஏற்கிறது. முதற்பாதியைக் கேரளம் மன உறுதியோடு நிறைவேற்றியது. இரண்டாம் பாதி இன்னும் முற்றுப்பெறவில்லை.

அடுத்து வந்தது இறக்குமதி எரிபொருள் காலம். பிரம்மபுரத்திலும் கோழிக்கோட்டிலும் டீசல் மின்நிலையங்கள் தோன்றின. காயங்குளத்தில் தேசிய அனல்மின் கழகத்தின் நாப்தா மின்நிலையம் 1999-ஆம் ஆண்டளவில் முழுமையாக இயங்கத் தொடங்கியது. ஆனால் நாப்தாவின் விலை ஏற ஏற அம்மின்சாரம் வாங்க முடியாத பொருளாயிற்று. நிலையம் பெரும்பாலும் ஓய்விலேயே கிடந்தது. கட்டிய ஆலை இருந்தும் எரிக்கும் பொருள் கட்டுப்படியாகவில்லை என்ற இந்த அனுபவம் பின்னர் இயற்கை எரிவாயுவிலும் ஓரளவு எதிரொலித்தது.

ஆகவே வெளியிலிருந்து மின்சாரம் கொண்டு வருவது தவிர்க்க முடியாததாயிற்று. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் பங்கைக் கொண்டுவரும் எடமண்-கொச்சி 400 கிலோவோல்ட் தடம், நில உரிமையாளர்களின் எதிர்ப்பால் பல்லாண்டுகள் தேங்கி நின்று, உரிய இழப்பீட்டுத் திட்டத்துக்குப் பின் 2019-இல் நிறைவேறியது. புகலூரிலிருந்து திருச்சூருக்கு 2,000 மெகாவாட் வரை கொண்டுவரும் உயர் அழுத்த நேர்மின் தடம் 2021-இல் பயன்பாட்டுக்கு வந்தது. இன்று கேரளம் பயன்படுத்தும் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்குக்கு மேல் மாநிலத்துக்கு வெளியிலிருந்தே வருகிறது.

கடைசி வீட்டுக்கும் கம்பி

இவ்வளவு நெருக்கடிகளுக்கு நடுவிலும் ஓர் அரிய சாதனை நிகழ்ந்தது. 2017-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள், மின்னிணைப்பு முழுமையடைந்த மாநிலமாகக் கேரளம் அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய சில மாதங்களில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் வீடுகளுக்கு இணைப்பு வழங்கப்பட்டது. எஞ்சியிருந்தவை எளிதில் எட்டக்கூடிய வீடுகளல்ல. காட்டினுள் அமைந்த பழங்குடிக் குடியிருப்புகள், உரிமை வழக்கில் சிக்கிய நிலத்தில் நின்ற குடிசைகள், வீட்டினுள் கம்பி பதிக்கும் செலவுக்கே வழியில்லாத குடும்பங்கள் ஆகியவையே அவை. பொருள் இல்லாத வீடுகளில் கம்பி பதித்துக் கொடுக்க மின்வாரிய ஊழியர்களும் தொண்டு நிறுவனங்களும் முன்வந்தனர்.

இணைப்பு கொடுப்பதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. கம்பி எட்டிய வீட்டுக்கு மாலை வேளையிலும் தடையின்றி, தாங்கக்கூடிய விலையில் மின்சாரம் கிடைக்க வேண்டும். 2024-ஆம் ஆண்டு மே மாதத்துக் கடும் வெப்பத்தில் மாநிலத்தின் உச்சத் தேவை 5,790 மெகாவாட்டைக் கடந்தது. முன்னர் மாலை ஏழு மணிக்கு வந்த உச்சம், படுக்கையறைக் குளிர்சாதனங்களின் பெருக்கத்தால், நள்ளிரவை நோக்கி நகர்ந்தது. மின்மாற்றிகள் சுமை தாங்காமல் பழுதுற்றன. சில பகுதிகளில் கட்டுப்பாடுகள் விதிக்க வேண்டியதாயிற்று. அத்தகைய மாலைகளில் மின்சந்தையில் ஒரு யூனிட்டின் விலை, விதிக்கப்பட்ட உச்சவரம்பான 10 ரூபாயைத் தொடுவதுண்டு. அப்படி வாங்கினாலும் வீட்டு நுகர்வோரிடம் பெறும் கட்டணம் அதற்கு வெகுவாகக் குறைவு. இந்த இடைவெளி எங்கும் மறைந்து விடுவதில்லை. பின்னொரு நாள் கட்டண உயர்வாக அதே வீட்டின் வாயிலுக்கு வந்து நிற்கிறது.

அடுப்பில் நேர்ந்த மாற்றம்

விளக்கைப் பற்றிப் பேசும் அளவுக்கு அடுப்பைப் பற்றித் திட்டமிடுவோர் முன்னாளில் பேசியதில்லை. தென்னையே கேரளத்து அடுப்பின் தாய். காய்ந்த ஓலை, பாளை, மட்டை, சிரட்டை யாவும் எரிபொருளாயின. புகையினால் பெண்களின் கண்ணும் நெஞ்சும் பட்ட துன்பம் கணக்கில் ஏறவில்லை. பரிஷத் வடிவமைத்த புகைபோக்கியுடன் கூடிய மேம்பட்ட அடுப்பு 1980-களில் பல வீடுகளில் இடம்பெற்றது, இக்குறையைப் போக்க எழுந்த ஒரு நல்ல முயற்சி. இன்று நகரத்தில் ஓலையடுப்பு அரிதாகிவிட்டது. ஆற்றுகால் பொங்காலைத் திருநாளன்று மட்டும் இலட்சக்கணக்கான பெண்கள் தெருவோரங்களில் செங்கல் கூட்டி ஓலையும் விறகும் எரித்துப் பொங்கலிடுகின்றனர். மறுநாள் நகரம் மீண்டும் எரிவாயு அடுப்புக்குத் திரும்பி விடுகிறது.

அந்த எரிவாயு பெரும்பாலும் 14.2 கிலோ உருளையில் வரும் பெட்ரோலிய வாயு. நாட்டின் தேவையில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருவதால், உலகச் சந்தையின் ஏற்றத்தாழ்வு சமையலறையை உடனே தாக்குகிறது. இதற்கு மாற்றாகக் குழாய் வழி இயற்கை எரிவாயு முன்வைக்கப்பட்டது. கொச்சியை அடுத்த புதுவைப்பில், ஆண்டுக்கு 50 இலட்சம் டன் திரவ இயற்கை எரிவாயுவைக் கையாளும் முனையம் 2013-இல் தயாரானது. ஆனால் எரிவாயுவை எடுத்துச் செல்லும் குழாய்த்தடம் அமையவில்லை. குடியிருப்புகள் நெருங்கிய மாநிலத்தில் குழாய்க்கு நிலம் பெறுவது பெரும் சிக்கலாயிற்று. முனையம் திறனில் ஒரு சிறு பங்கே பயன்பட்டு ஆண்டுகள் கழிந்தன. கொச்சியிலிருந்து மங்களூரு வரையிலான 450 கிலோமீட்டர் தடம் 2021-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டது.

அத்தடம் வடக்கு நோக்கியே செல்கிறது. தலைநகரான திருவனந்தபுரம் அதற்கு நேரெதிர்த் திசையில் உள்ளது. ஆகவே இங்கு வேறொரு முறை கையாளப்படுகிறது. இயற்கை எரிவாயுவைச் சுழிக்கு 162 டிகிரி கீழே குளிர்வித்தால் அது திரவமாகி, ஏறத்தாழ அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அத்திரவம் சிறப்புத் தொட்டி லாரிகளில் நகருக்குக் கொண்டுவரப்பட்டு, கொச்சுவேளியில் உள்ள நிலையத்தில் மீண்டும் வாயுவாக்கப்பட்டு, குழாய்கள் வழியே வீடுகளுக்குச் செல்கிறது. கடலோர வட்டங்களில் தொடங்கிய இவ்விணைப்பு படிப்படியாக நகரினுள் பரவி வருகிறது.

குழாய் எரிவாயுவின் நன்மைகள் தெளிவானவை. உருளைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பயன்படுத்திய அளவுக்கே கட்டணம். இயற்கை எரிவாயு காற்றைவிட எடை குறைந்ததாதலால், கசிவு ஏற்பட்டால் மேலெழுந்து கலைந்துவிடும். உருளை வாயுவோ காற்றைவிடக் கனமானது, தரையோரம் தங்கி நிற்கும். எனினும் இதுவும் பெரும்பாலும் கடல் கடந்து வரும் எரிபொருளே என்பதை மறக்கலாகாது. உருளையிலிருந்து குழாய்க்கு மாறுவதால் வசதி பெருகும், தற்சார்பு பெருகாது.

தற்சார்பின் ஒரு சிறு விதை, எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. நகரின் குப்பையைப் பெற்றுவந்த விளப்பில்சாலை ஆலை, அவ்வூர் மக்களின் நீண்ட போராட்டத்துக்குப் பின் 2011-ஆம் ஆண்டு டிசம்பரில் மூடப்பட்டது. சமையலறைக் கழிவை அந்தந்த வீட்டிலேயே தீர்க்க வேண்டிய கட்டாயம் நகர மக்களுக்கு ஏற்பட்டது. வீட்டுத் தோட்டத்தில் வைக்கக்கூடிய சிறு சாண எரிவாயுக் கலத்தின் வழித்தோன்றலான உயிர்வாயுக் கலம் அப்போது பலரின் கவனத்தைப் பெற்றது. அரிசி கழுவிய நீர், காய்கறித் தோல், மீன் கழிவு ஆகியவற்றை இட்டால் மீத்தேன் கிடைக்கும், எஞ்சும் குழம்பு செடிகளுக்கு உரமாகும். இத்துறையில் பணியாற்றிய திருவனந்தபுரத்தின் ‘பயோடெக்’ நிறுவனம் 2007-ஆம் ஆண்டிலேயே பன்னாட்டளவில் ஆஷ்டன் விருது பெற்றிருந்தது. ஒரு குடும்பத்தின் முழுச் சமையலுக்கும் இது போதாது. ஆயினும் உருளை தீரும் நாளைத் தள்ளிப் போடும், குப்பையையும் வீட்டிலேயே முடித்து வைக்கும். பராமரிப்பைக் கைவிட்டால் ஓரிரு மாதங்களில் கலம் செயலிழந்து விடும் என்பதே இதன் பலவீனம்.

மின் அடுப்பு பற்றியும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நலம். ஓர் உருளை வாயு தரும் சமையலுக்கு ஈடாக இண்டக்‌ஷன் அடுப்பில் ஏறத்தாழ 120 முதல் 140 யூனிட் வரை செலவாகும். யூனிட்டின் விலை மட்டும் நோக்கினால் இது இலாபமாகத் தோன்றக் கூடும். ஆனால் கேரளத்தில் வீட்டுக் கட்டணம் இரு மாதங்களுக்கு ஒருமுறை, நுகர்வு ஏற ஏற உயரும் படிநிலைகளில் கணக்கிடப்படுகிறது. அடுப்பின் யூனிட்டுகள் குடும்பத்தை அடுத்த படிக்குத் தள்ளினால் இலாபம் கரைந்துவிடும். மேலும் இரவுச் சமையலுக்கு அந்த அடுப்பை இயக்கும் நேரம், மாநிலம் மின்சாரத்துக்குத் தவிக்கும் அதே நேரமாகும்.

கூரைமேல் ஒரு வயல்

விளக்கும் அடுப்பும் எழுப்பும் கேள்விகளுக்குக் கூரை ஓரளவு விடை தருகிறது. மரபுசாரா எரிசக்திக்கான கேரள அரசின் முகமையான அனெர்ட் 1986-ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்டது. சூரிய விளக்கு, சூரிய வெந்நீர்க்கலம், சூரிய அடுப்பு என்று தொடங்கிய பணி, 2012-ஆம் ஆண்டளவில் பத்தாயிரம் வீட்டுக் கூரைகளில் மின்கலத்துடன் கூடிய ஒரு கிலோவாட் அமைப்புகளை நிறுவும் திட்டமாக விரிந்தது. பின்னர் மின்வாரியத்தின் ‘சௌர’ திட்டம் வந்தது. 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடுவணரசு அறிவித்த பிரதமரின் சூரிய வீடு திட்டம், முதல் இரு கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாயும், மூன்று கிலோவாட் அல்லது அதற்கு மேற்பட்ட அமைப்புக்கு மொத்தம் 78,000 ரூபாயும் உதவித்தொகையாக வழங்குகிறது. கேரள மக்கள் இதனை ஆர்வத்துடன் பயன்படுத்தி வருகின்றனர். மாநிலத்தின் கூரைச் சூரிய மின்திறன் 1,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது.

இரண்டு பருவமழைகள் பெய்யும் நாட்டில் வெயிலை நம்பலாமா என்று கேட்போர் உண்டு. மழைக்கால மாதங்களில் உற்பத்தி குறைவது மெய்யே. எனினும் ஆண்டின் சராசரியை நோக்கின், ஒரு கிலோவாட் அமைப்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்றரை முதல் நான்கு யூனிட் தருகிறது. மூன்று கிலோவாட் அமைப்பு ஒன்று நடுத்தரக் குடும்பத்தின் ஆண்டுத் தேவையைப் பெருமளவு ஈடு செய்யும். மழையைவிடப் பெரிய இடையூறு நிழல். ஒரு தென்னையின் நிழல் தகடுகளின் ஓரத்தில் விழுந்தாலும் முழு வரிசையின் உற்பத்தியும் தளர்ந்துவிடக் கூடும். கடலோரத்தில் உப்புக் காற்று தாங்கிகளை அரிக்கும். ஆகவே கூரையை நேரில் ஆராய்ந்த பின்னரே அமைப்பின் அளவை முடிவு செய்தல் வேண்டும்.

இன்னொரு செய்தியும் பலருக்குத் தெரிவதில்லை. மின்கலம் இன்றித் தடத்தோடு மட்டும் இணைந்த அமைப்பு, மின்வெட்டு நேரத்தில் நண்பகலாயினும் வீட்டுக்கு மின்சாரம் தராது. இது குறைபாடன்று. பழுது நீக்கக் கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியரின் உயிரைக் காக்க, தடத்தில் மின்சாரம் அற்றவுடன் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும்படி அமைக்கப்பட்டுள்ளது.

நண்பகலும் இரவும்

கூரை மின்சாரத்தின் மெய்யான சோதனை இனிமேல்தான். நண்பகலில் பெரும்பாலான வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. அப்போது விளையும் மின்சாரம் தடத்துக்குச் செல்கிறது. இரவில் வீடு அதே அளவு மின்சாரத்தைத் தடத்திலிருந்து திரும்பப் பெறுகிறது. மாத முடிவில் கொடுத்ததும் பெற்றதும் நேர் செய்யப்படுகின்றன. இதுவே நிகர அளவீட்டு முறை. வீட்டின் கணக்கில் நண்பகல் யூனிட்டும் இரவு யூனிட்டும் ஒன்றே. மின்வாரியத்தின் கணக்கில் அவை ஒன்றல்ல. நண்பகலில் மலிவாகக் கிடைக்கும் பொருளை வாங்கிக்கொண்டு, இரவில் அரிதாகக் கிடைக்கும் பொருளை அதே விலைக்குத் தருவதாகவே அது கருதுகிறது. அதன் செலவு கூரை மின்சாரம் இல்லாத வீடுகளின் மீது சாய்கிறது என்பது வாரியத்தின் வாதம். அரசின் சொல்லை நம்பிச் சேமிப்பை முதலீடு செய்தவர்களை நடுவழியில் கைவிடலாகாது, மேலும் வீட்டருகில் விளையும் மின்சாரம் தட இழப்பைக் குறைக்கிறது என்பது கூரை உரிமையாளர்களின் வாதம். 2025-ஆம் ஆண்டில் மின் ஒழுங்குமுறை ஆணையம் இதற்கான வரைவு விதிகளை வெளியிட்டபோது இவ்விரு தரப்பும் கடுமையாக மோதின.

இரு வாதங்களிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டிலும் இடம்பெறாத ஒருவர் உள்ளார். வலியதுறைக் கடற்கரையில் ஓரறை வீட்டில் வாழும் மீனவர், வாடகை வீட்டில் இருக்கும் கடைச் சிப்பந்தி, அடுக்குமாடியின் நடுத்தளத்தில் குடியிருக்கும் ஓய்வூதியர் ஆகியோருக்குச் சொந்தக் கூரையே இல்லை. 78,000 ரூபாய் உதவித்தொகை எத்துணைப் பெரிதாயினும் அவர்களை எட்டாது. கூரை உள்ளவரின் நலனும் கூரை இல்லாதவரின் நலனும் ஒன்றையொன்று உண்ணாத வழி காணப்பட வேண்டும்.

அத்தகைய வழிகள் இல்லாமல் இல்லை. திருச்சூர் மாவட்டத்துப் பெரிஞ்ஞனம் ஊராட்சியில் நுகர்வோர் ஒன்றுகூடி, கூட்டு முயற்சியாகக் கூரை மின்சாரத்தை உருவாக்கிக் காட்டியுள்ளனர். பள்ளி, சந்தை, மருத்துவமனை ஆகியவற்றின் கூரையில் விளையும் மின்சாரத்தில் சொந்தக் கூரையற்ற குடும்பங்களுக்குப் பங்கு அளிக்க இயலும். காயங்குளத்தில் நாப்தா நிலையத்தின் நீர்ப்பரப்பில் மிதக்கும் 92 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2022-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. எரிபொருள் விலையால் முடங்கிய இடத்திலேயே எரிபொருள் தேவைப்படாத மின்சாரம் விளைகிறது. காசர்கோடு மாவட்டத்து மயிலாட்டியில் 125 மெகாவாட் திறனும் நான்கு மணி நேரச் சேமிப்பும் கொண்ட மின்கலத் தொகுதிக்கு ஒப்பந்தம் செய்யப்பட்டுள்ளது. நண்பகல் வெயிலை இரவுக்குக் கொண்டு செல்வதே இதன் நோக்கம்.

கேரளத்துக்கு இயற்கையே தந்த மின்கலமும் ஒன்று உண்டு. அதுவே நீர்த்தேக்கம். பகலில் சூரிய மின்சாரம் போதிய அளவு கிடைக்கும்போது இடுக்கியின் நீரைத் திறக்காமல் நிறுத்தி வைத்து, இரவின் உச்ச வேளைக்கென ஒதுக்கலாம். கீழ்த் தேக்கத்து நீரைப் பகலில் மேலேற்றி இரவில் இறக்கும் நீரேற்று நிலையங்களுக்கும் மலைநாட்டில் வாய்ப்புண்டு. முன்னோர் கட்டிய அணைகளுக்குப் புதிய தகடுகள் துணையாகும் முறை இது.

சேமித்த யூனிட்டே முதல் யூனிட்

உற்பத்தியைப் பற்றிப் பேசும்போது சிக்கனம் பின்தள்ளப்படுவது வழக்கம். 2010-ஆம் ஆண்டில் மின்வாரியம், பழைய குண்டு பல்புகளைப் பெற்றுக்கொண்டு வீட்டுக்கு இரண்டு சி.எஃப்.எல். விளக்குகளை 15 ரூபாய் வீதம் வழங்கியது. பின்னர் எல்.இ.டி. விளக்குகள் அதே பணியை மேலும் சிறப்பாகச் செய்தன. 60 வாட் பல்புக்கு மாற்றாக 9 வாட் விளக்கு எரியும்போது, நாளொன்றுக்கு நான்கு மணி நேர வீதம் இரு மாதங்களில் 12 யூனிட் மிச்சமாகிறது. 75 வாட் மின்விசிறிக்கு மாற்றாக 30 வாட் விசிறியை நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் இயக்கினால் மிச்சம் 27 யூனிட். அவ்வளவும் பெரும்பாலும் உச்ச வேளையின் மிச்சம் என்பதே இதன் சிறப்பு.

வீட்டின் அமைப்பே சிக்கனத்தின் அடிப்படை. திருவனந்தபுரத்தைத் தம் ஊராக்கிக்கொண்ட கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், உள்ளூரில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையம் முதல் எளிய குடும்பங்களின் வீடுகள் வரை இதனைச் செங்கல்லில் செய்து காட்டினார். எதிரெதிர்ச் சாளரங்கள், காற்றும் ஒளியும் புகும் துளைச்சுவர்கள், உள்ளே காற்றிடைவெளி விட்டுக் கட்டும் செங்கல் முறை, மரத்தை வெட்டாமல் வீட்டை வளைத்தல் ஆகியன அவருடைய உத்திகள். ஓட்டுக் கூரையை விடுத்து, வெயிலை நாளெல்லாம் உறிஞ்சி இரவில் அறைக்குள் உமிழும் கான்கிரீட் தளத்தைக் கட்டிவிட்டு, பின்னர் குளிர்சாதனத்தை வாங்கும் வழக்கம் அவருடைய படிப்பினைக்கு முரணானது. அந்தத் தளத்தின்மேல் சூரியத் தகடுகளை உயர்த்தி வைத்தால் மின்சாரத்தோடு நிழலும் கிடைக்கும் என்பது சிறு ஆறுதல்.

நேரத்தை மாற்றுவதும் ஒருவகைச் சிக்கனமே. நீர் ஏற்றும் மோட்டார், துணி துவைக்கும் எந்திரம், இஸ்திரிப் பெட்டி, மின் வாகனத்துக்கு மின்னேற்றம் ஆகியவற்றை மாலையிலிருந்து நண்பகலுக்கு மாற்றினால், கூரையில் விளைவது கூரையின் கீழேயே பயன்படும். இதற்குப் புதிய அணை வேண்டாம், புதிய தடமும் வேண்டாம். நண்பகல் மின்சாரத்துக்குக் குறைந்த கட்டணம் என்ற ஊக்கம் எளிய வீடுகளுக்கும் கிட்டுமானால், கூரையற்ற குடும்பமும் வெயிலின் பயனில் பங்கு பெறும்.

1929-ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்துக்கு ஒரு மின்நிலையம் இருந்தது. நகர மக்கள் அதன் நுகர்வோராக மட்டுமே இருந்தனர். இன்று அந்நகரின் ஆயிரக்கணக்கான கூரைகள் சிறு மின்நிலையங்களாகி விட்டன. கொல்லைப்புறக் கலங்கள் சில சிறு எரிவாயுக் கூடங்களாகி விட்டன. நுகர்வோர் உற்பத்தியாளராகும்போது உரிமை பெருகுவதுபோலப் பொறுப்பும் பெருகுகிறது. அமைதிப் பள்ளத்தாக்கின் காட்டைக் காத்த சமூகம், தன் மாலை வேளையின் தேவையையும் சீர்செய்துகொள்ளும் அறிவு படைத்ததே. விளக்கு, அடுப்பு, கூரை மூன்றையும் தனித்தனித் துறைகளாகக் கருதாமல், ஒரே இல்லத்தின் ஒரே கணக்காகக் கொண்டு திட்டமிட்டால், கடைசியாகக் கம்பி எட்டிய குடிசையிலும் விளக்கு அணையாது நிற்கும்.